எலெக்ட்ரான் ஏற்பியை அமைக்கும் முறை
பாலிமர் சூரிய மின்கலம் பற்றிய ஒரு பாடம்

சூரிய ஒளியிலிருந்து நேராக மின்சாரம் தரும் கலங்களுள் பெரும்பாலானவை ஸிலிக்கனால் ஆனவை. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையில் சேப்பின், ஃபுல்லர், பியர்ஸன் ஆகிய மூவர் அமைத்த ஸிலிக்கன் கலம், தன்மீது விழுந்த ஒளிச் சக்தியில் ஏறத்தாழ 6 சதவிகிதத்தை மின்சாரமாக மாற்றியது. இன்று கூரைகளின்மேல் பொருத்தப்படும் பலகைகள் 20 சதவிகிதத்திற்கு மேலும் மாற்றுகின்றன. ஆயினும் ஸிலிக்கனுக்கு இயல்பாகவே சில குறைகள் உண்டு. அதன் உருகுநிலை 1,414 டிகிரி சென்டிகிரேட்; ஆதலால் அதனைப் பிரித்துத் தூய்மை செய்து படிகமாக்குவதற்கு மிகுந்த உஷ்ணம் தேவைப்படுகிறது. படிகத் தகடு எளிதில் நொறுங்கும். அதனைக் காக்கக் கண்ணாடியும் உலோகச் சட்டமும் வேண்டியிருப்பதால் பலகை கனமாகிறது.

இக்குறைகள் இல்லாத வேறொரு வகைக் கலமும் உண்டு. கார்பன் அணுக்களை முதன்மையாகக் கொண்ட கரிமப் பொருள்களை ஒரு திரவத்தில் கரைத்து, அச்சுமை பூசுவதுபோல் மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மீது பூசி, இக்கலத்தைச் செய்யலாம். பூச்சின் கனம் மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கே. இதற்குப் பாலிமர் சூரிய மின்கலம் என்று பெயர். இதில் இரு பொருள்கள் கலந்துள்ளன. ஒன்று எலெக்ட்ரானைத் தரும் பாலிமர். இது வழங்கி எனப்படும். மற்றொன்று அந்த எலெக்ட்ரானைப் பெற்றுக்கொள்ளும் மூலக்கூறு. இது ஏற்பி எனப்படும்.

நெடுங்காலம் ஆராய்ச்சியாளருள் பெரும்பாலோர் வழங்கியையே மாற்றி மாற்றி அமைத்து வந்தனர். ஏற்பி ஏறக்குறைய ஒரே பொருளாக இருந்தது. ஏற்பியையும் தேவைக்கேற்ப அமைக்கலாம் என்பது செயலில் நிலைபெற்ற பின்னரே இக்கலங்களின் திறன் விரைந்து உயர்ந்தது. அந்த அமைப்பு முறையின் அடிப்படைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒளி மின்சாரமாவது எப்படி?

கார்பன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருமாறு தொடர்ந்திருந்தால், சில எலெக்ட்ரான்கள் ஒரே அணுவோடு கட்டுண்டு கிடவாமல் தொடர் முழுவதும் பரவி நிற்கும். அவை தங்கக்கூடிய சக்தி மட்டங்களுள் இரண்டு முக்கியமானவை. எலெக்ட்ரான்கள் நிரம்பியுள்ள மட்டங்களுள் உச்சியில் உள்ளதை நிறைந்த மட்டம் என்றும், அதற்கு மேல் காலியாக உள்ளவற்றுள் அடியில் உள்ளதை வெற்று மட்டம் என்றும் கொள்ளலாம். தக்க சக்தியுள்ள ஒளி விழும்போது ஓர் எலெக்ட்ரான் நிறைந்த மட்டத்தினின்று வெற்று மட்டத்திற்கு ஏறுகிறது. அது விட்டுச் சென்ற காலியிடம் துளை எனப்படும்.

ஸிலிக்கனில் எலெக்ட்ரானும் துளையும் எளிதில் பிரிந்து தத்தம் வழியே சென்றுவிடும். கரிமப் பொருளில் அவ்வாறன்று. எதிரெதிர் மின்னேற்றங்களுக்கு இடையேயுள்ள கவர்ச்சியைத் தணிக்கும் இயல்பு ஸிலிக்கனில் மிகுதி. கரிமப் பொருளில் அதில் மூன்றிலொரு பங்கே உண்டு. ஆதலால் எலெக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஓர் இணையாகவே திரிகின்றன. இவ்விணையைப் பிரிப்பதற்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.5 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும். அறையின் உஷ்ணம் தரக்கூடிய சக்தியோ 0.025 எலெக்ட்ரான் வோல்ட் அளவே. தானே பிரியாத இணை, மிகக் குறுகிய காலத்தில் மீண்டும் கூடி அழிந்துவிடும். உட்கொண்ட ஒளி வெப்பமாக வீணாகும்.

இவ்விணையைப் பிரிக்கும் பொறுப்பே ஏற்பியுடையது. மேட்டு வயலையும் அதனை அடுத்த தாழ்ந்த வயலையும் உவமையாகக் கொள்ளலாம். வரப்பில் மடை திறந்தால் மேட்டு வயலின் நீர் தானே தாழ்ந்த வயலுக்கு இறங்குகிறது. அதுபோலவே, வழங்கியின் வெற்று மட்டத்தைவிட ஏற்பியின் வெற்று மட்டம் சற்றுத் தாழ்ந்திருந்தால், இரண்டும் தொடும் எல்லையில் எலெக்ட்ரான் ஏற்பிக்கு இறங்கிவிடுகிறது; துளை வழங்கியிலேயே தங்குகிறது. ஒளியை உட்கொண்டது ஏற்பியாயின், துளை ஏற்பியிலிருந்து வழங்கிக்குச் செல்கிறது. பயன் இரண்டிலும் ஒன்றே.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. இணை தன் வாழ்நாளில் செல்லக்கூடிய தொலைவு சுமார் 10 நானோமீட்டர் என்று கொள்ளப்படும். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே எந்த இடத்தில் இணை தோன்றினாலும், அத்தொலைவுக்குள் ஓர் எல்லை இருத்தல் வேண்டும். இதற்காக வழங்கியும் ஏற்பியும் கோத்த கைவிரல்கள்போல் ஒன்றனுள் ஒன்று புகுந்திருக்க வேண்டும். அதே சமயத்தில் ஒவ்வொன்றும் மின்வாய் வரை அறுபடாத பாதையாகவும் இருக்க வேண்டும்.

கார்பன் பந்தின் காலம்

இரு கரிமப் பொருள்களை அடுத்தடுத்துப் படிய வைத்து முதல் நல்ல கலத்தைச் செய்தவர் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த டாங் என்பவர். 1986-இல் வெளியான அவருடைய கலத்தில் நீல மைகளில் பயன்படும் தாமிர தாலோசயனின் வழங்கியாகவும், பெரிலீன் வகைச் சாயப்பொருள் ஒன்று ஏற்பியாகவும் இருந்தன. அதன் திறன் ஏறத்தாழ 1 சதவிகிதம்.

அதற்கு முந்திய ஆண்டான 1985-இல் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோர் அறுபது கார்பன் அணுக்கள் கால்பந்துபோல் இணைந்த ஃபுல்லரீன் என்னும் மூலக்கூற்றைக் கண்டிருந்தனர். 1992-இல் சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சாரிசிஃப்ட்சி, ஹீகர், வுட்ல் முதலியோர் ஒரு பாலிமரோடு இப்பந்தைச் சேர்த்துச் சோதித்தனர். ஒளி பட்டவுடன், ஒரு வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், எலெக்ட்ரான் பாலிமரிலிருந்து பந்துக்குத் தாவியது. 1995-இல் பந்தின்மீது ஒரு சிறு வாலை இணைத்து, எளிதில் கரையும் பி.சி.பி.எம். என்னும் ஏற்பி செய்யப்பட்டது. அதனைப் பாலிமரோடு கலந்து பூசிய கலமும் அவ்வாண்டிலேயே வெளியாயிற்று.

அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்பந்தே ஏற்பியாக ஆட்சி செய்தது. அதற்குக் காரணங்கள் இருந்தன. பந்து எல்லாத் திசைகளிலும் ஒன்றுபோல் இருப்பதால், அண்டையிலுள்ள பந்து எப்புறம் இருந்தாலும் எலெக்ட்ரான் தாவிச் செல்லலாம். அதன் வெற்று மட்டமும் தக்க ஆழத்தில் இருந்தது. ஆயினும் மூன்று குறைகள் தீரவில்லை. முதலாவது, பி.சி.பி.எம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மிகக் குறைவாகவே உட்கொள்ளும். எனவே கலவையில் பாதிக்கு மேற்பட்ட பொருள் ஒளியைப் பெறுவதில் பெரும்பங்கு கொள்ளாமல் இருந்தது. இரண்டாவது, பந்தின் சக்தி மட்டங்களை விருப்பப்படி மாற்றுதல் கடினம். மூன்றாவது, நாள் செல்லச் செல்லப் பந்துகள் ஒன்றுகூடித் திரண்டுவிடும்.

இரண்டாவது குறையை ஓரளவு வெல்லலாம் என்பதைச் சீனாவின் யோங்ஃபாங் லீ குழுவினர் 2010-இல் காட்டினர். பந்தின்மீது இண்டீன் என்னும் கரிமக் கூற்றை இரு இடங்களில் இணைத்தபோது, வெற்று மட்டம் பி.சி.பி.எம்.-ஐ விட 0.17 எலெக்ட்ரான் வோல்ட் உயர்ந்தது. அதே பாலிமரோடு சேர்த்த கலத்தின் மின்னழுத்தம் 0.6 வோல்ட் அளவிலிருந்து 0.84 வோல்ட்டாக ஏறியது. ஆனால் ஒளியை விழுங்கும் ஆற்றலில் பந்து பந்தாகவே இருந்தது.

நல்ல ஏற்பிக்கு வேண்டிய மூன்று இயல்புகள்

மேற்கூறிய அனுபவத்திலிருந்து ஏற்பிக்கு வேண்டிய இயல்புகள் மூன்று எனத் தெளிவாயிற்று.

முதல் இயல்பு நிறம். ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் அளந்து, 1,240-ஐ அவ்வெண்ணால் வகுத்தால் ஒளித் துணுக்கின் சக்தி எலெக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 550 நானோமீட்டர் உள்ள பச்சை ஒளியின் சக்தி 2.25 எலெக்ட்ரான் வோல்ட். பாலிமர் வழங்கி இத்தகைய ஒளியை விழுங்குமாயின், அது விட்டுவிடும் சிவப்பு ஒளியையும், அதற்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியின் ஒரு பகுதியையும் ஏற்பி விழுங்குதல் வேண்டும். அதற்கு அதன் இரு மட்டங்களுக்கும் இடைவெளி குறைந்திருக்க வேண்டும்.

இரண்டாம் இயல்பு மட்டம். கலத்திலிருந்து கிடைக்கும் மின்னழுத்தம், ஏற்பியின் வெற்று மட்டத்திற்கும் வழங்கியின் நிறைந்த மட்டத்திற்கும் உள்ள உயர வேறுபாட்டைச் சார்ந்தது. தாழ்ந்த வயல் அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்திருந்தால், நீர் விரைவாக விழும். ஆனால் அந்த உயரம் வீணாகும். உயர்ந்துவிட்டாலோ நீர் இறங்காது. எலெக்ட்ரான் இறங்குவதற்கு 0.3 எலெக்ட்ரான் வோல்ட் அளவாவது சரிவு வேண்டும் என்றே முன்னர்க் கருதப்பட்டது.

மூன்றாம் இயல்பு அடுக்கு. எலெக்ட்ரான் ஒரு மூலக்கூற்றினின்று அடுத்ததற்குத் தாவ வேண்டுமாயின், அவை நெருங்கி அடுங்கியிருக்க வேண்டும். தட்டையான மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நன்கு அடுங்கும். ஆனால் அளவுக்கு மீறி அடுங்கினால் பெரிய படிகங்களாகத் திரண்டு, பத்து நானோமீட்டர் நிபந்தனையை மீறிவிடும். பெரிலீன் வகை ஏற்பிகள் பலவற்றைத் தடுத்து நிறுத்திய குறை இதுவே.

இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுவன. நிறத்தைச் செம்மையாக்க மூலக்கூற்றை நீட்டித் தட்டையாக்கினால் அடுக்கு கெடுகிறது. அடுக்கைத் தளர்த்த மூலக்கூற்றை முறுக்கினால் எலெக்ட்ரான் பரவும் தொடர் தடைப்பட்டு நிறம் கெடுகிறது. இம்முரணைத் தீர்ப்பதிலேயே அமைப்புக் கலை முழுவதும் அடங்கியுள்ளது.

மஞ்சளும் சுண்ணாம்பும்

நிறத்தையும் மட்டத்தையும் மாற்றும் வழியை ஆரத்தித் தட்டிலேயே காணலாம். மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலந்தால் நீர் சிவக்கிறது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினில் இரு முனைகளிலும் எலெக்ட்ரானைத் தள்ளும் வளையங்களும், நடுவில் எலெக்ட்ரானை இழுக்கும் பகுதியும் உள்ளன. இவற்றை மாறிமாறி வரும் பிணைப்புகள் இணைக்கின்றன. சுண்ணாம்பு இம்மூலக்கூற்றினின்று நேர்மின் கொண்ட ஹைட்ரஜனைக் கவர்ந்துகொள்ளும்போது, எஞ்சிய பகுதி எதிர்மின்னேற்றம் பெற்று எலெக்ட்ரானை மேலும் வலுவாகத் தள்ளுகிறது. தள்ளுதல் வலுக்கவே மட்டங்களின் இடைவெளி குறைகிறது. நீல ஒளியை முதன்மையாக விழுங்கிய மூலக்கூறு, பச்சை ஒளியையும் விழுங்கத் தொடங்குகிறது. எனவே கண்ணுக்குச் சிவப்பாகத் தோன்றுகிறது.

தள்ளும் பகுதியையும் இழுக்கும் பகுதியையும் ஒரே மூலக்கூற்றில் இணைத்து, அவற்றின் வலிமையைக் கூட்டியும் குறைத்தும் இடைவெளியை அமைக்கலாம் என்பதே இதனால் பெறப்படும் விதி. இழுக்கும் பகுதியை வலுவாக்கினால் வெற்று மட்டம் தாழும்; தள்ளும் பகுதியை வலுவாக்கினால் நிறைந்த மட்டம் உயரும்.

ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒவ்வொரு தொழில்

மூன்று இயல்புகளையும் ஒரே உறுப்பின் தலையில் சுமத்தாமல் தனித்தனி உறுப்புகளுக்குப் பகிர்ந்து கொடுத்த மூலக்கூறு 2015-இல் வெளியாயிற்று. பீகிங் பல்கலைக்கழகத்தின் ஷியாவெய் ஜான் குழுவினர் அமைத்த இதன் பெயர் ஐ.டி.ஐ.சி.

இதன் நடுப்பகுதி ஏழு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் ஏணி போன்றது. கந்தகம் அடங்கிய தையோஃபீன் வளையங்கள் இதில் உண்டு. இப்பகுதி எலெக்ட்ரானைத் தள்ளும். வளையங்கள் ஒட்டியிருப்பதால் அவை முறுக்கிக்கொள்ள இயலாது. எலெக்ட்ரான் பரவும் பாதை தடைப்படாது. இரு முனைகளிலும் ஆக்ஸிஜனும் சயனோ தொகுதிகளும் உள்ள உறுப்புகள் எலெக்ட்ரானை இழுக்கின்றன. தள்ளலும் இழுத்தலும் சேர்ந்து நிறத்தையும் மட்டத்தையும் தீர்மானிக்கின்றன.

அடுக்கைக் கட்டுப்படுத்தும் வேலை பக்கக் கிளைகளுடையது. நடுப்பகுதியின் தளத்திற்கு மேலும் கீழும் நான்கு கிளைகள் நீட்டி நிற்கின்றன. நடுப்பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து திரளாதபடி இவை தடுக்கின்றன. முனைகளிலோ கிளைகள் இல்லை. ஆகவே ஒரு மூலக்கூற்றின் முனை அடுத்ததன் முனையோடு நெருங்கி அடுங்குகிறது. எலெக்ட்ரான் அவ்வழியே தாவிச் செல்கிறது. திரளாமையும் நெருக்கமும் ஒருங்கே கிடைத்தது இப்பகிர்வினாலேயே.

ஐ.டி.ஐ.சி. கொண்ட முதற் கலத்தின் திறன் 6.8 சதவிகிதம். அக்காலத்துச் சிறந்த பந்துக் கலங்களைவிட இது குறைவுதான். ஆனால் பந்தைப்போல் அன்றி, இதன் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே மாற்றலாம். முனையிலுள்ள ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஃப்ளூரினையோ குளோரினையோ வைத்தால் இழுக்கும் வலிமை கூடும். கிளையின் நீளத்தை மாற்றினால் கரையும் இயல்பும் அடுக்கும் மாறும். பல நாடுகளின் சோதனைச்சாலைகள் இவ்வாறு ஒவ்வோர் உறுப்பாக மாற்றிச் சோதிக்கத் தொடங்கின.

வளைந்த மூலக்கூறு

2019-இல் சாங்ஷா நகரிலுள்ள மத்திய தென் பல்கலைக்கழகத்தின் யிங்பிங் ஸௌ குழுவினர் ஒய்-6 என்னும் ஏற்பியை வெளியிட்டனர். இதில் இரு மாற்றங்கள் குறிப்பிடத்தக்கவை. தள்ளும் நடுப்பகுதியின் மையத்திலேயே, நைட்ரஜனும் கந்தகமும் கொண்ட ஓர் இழுக்கும் வளையம் பொருத்தப்பட்டது. முனை ஒவ்வொன்றிலும் இரண்டு ஃப்ளூரின் அணுக்கள் வைக்கப்பட்டன. இவற்றால் மட்டங்களின் இடைவெளி 1.33 எலெக்ட்ரான் வோல்ட்டாகக் குறைந்தது. அதாவது, ஏறத்தாழ 930 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பு ஒளியையும் இம்மூலக்கூறு விழுங்கியது.

இம்மூலக்கூறு நேர்கோடாக இராமல் பிறைபோல் வளைந்தது. வளைந்த மூலக்கூறுகள் முனையோடு முனையாக மட்டுமன்றி நடுவோடும் அடுங்கி, ஒரு வலைபோல் எத்திசையிலும் பாதை அமைக்கின்றன. பந்தின் சிறப்பாக இருந்த எத்திசைப் போக்கு, தட்டையான மூலக்கூற்றுக்கும் இவ்வாறு வாய்த்தது. பி.எம்.-6 என்னும் பாலிமரோடு கலந்தபோது கலத்தின் திறன் 15.7 சதவிகிதம் ஆயிற்று. இவ்விரு பொருள்களின் நிறைந்த மட்டங்களுக்கு இடையேயுள்ள சரிவு மிகச் சிறியது. இருந்தும் துளை தடையின்றி வழங்கிக்குச் சென்றது. 0.3 எலெக்ட்ரான் வோல்ட் சரிவு இன்றியமையாதது என்ற பழைய கருத்து இத்தகைய கலங்களால் தளர்ந்தது. ஒய்-6 வகையைச் சிறிது சிறிதாகத் திருத்தியதன் பயனாக, 2024-ஆம் ஆண்டளவில் சோதனைச்சாலைக் கலங்கள் 20 சதவிகிதத்தை எட்டின.

தீராத குறை

திறன் உயர்ந்ததனாலேயே இக்கலம் கிராமத்துக் கூரைக்கு வந்துவிடாது. ஸிலிக்கன் பலகைக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருவது வழக்கமாகிவிட்டது. கரிம ஏற்பிக்கு அத்தகைய ஆயுள் இன்னும் உறுதிப்படவில்லை. காரணம் மூலக்கூற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. நடுப்பகுதியை முனையோடு இணைக்கும் இரட்டைப் பிணைப்பே தள்ளலையும் இழுத்தலையும் தொடர்புபடுத்துகிறது. அதுவே எளிதில் தாக்குண்ணும் இடமும் ஆகும். ஈரமும் காரப் பொருளும் அதனைப் பிளக்கக்கூடும். கலத்தில் எலெக்ட்ரானைத் திரட்டப் பூசப்படும் துத்தநாக ஆக்ஸைடு, புற ஊதாக் கதிர் பட்டால் அவ்விடத்தைச் சிதைக்கத் துணைபுரிகிறது. மேலும், உஷ்ணத்தில் மூலக்கூறுகள் மெல்ல நகர்ந்து, பூசியபோது இருந்த நுண்கலப்பைக் கெடுக்கும். இந்தியாவில் கோடைக்காலத்தில் கூரைமேல் உள்ள பலகையின் உஷ்ணம் 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதுண்டு. ஆகவே நம் நாட்டு வெயிலே இக்கலத்திற்குக் கடுமையான பரீட்சை.

இக்குறைக்கு மருந்தும் மூலக்கூற்றின் அமைப்பிலேயே தேடப்படுகிறது. இரண்டு மூன்று ஏற்பிகளை ஒன்றாகப் பிணைத்தும், 2017 முதல் ஏற்பியையே நீண்ட பாலிமராகத் தொடுத்தும் பார்க்கின்றனர். பெரிய மூலக்கூறு எளிதில் நகராது. முனையிணைப்பை வளையத்துள் பூட்டி வலுவாக்கும் முயற்சியும் உண்டு. செலவும் ஒரு தடையே. ஏணி போன்ற நடுப்பகுதியைச் செய்யப் பல ரசாயனப் படிகள் வேண்டும். படிகளைக் குறைக்க, வளையங்களை ஒட்டாமல் அருகருகே நிறுத்தி, அணுக்களின் இயல்பான கவர்ச்சியால் தட்டையாக வைத்திருக்கும் ஏற்பிகளும் அமைக்கப்படுகின்றன.

ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும்

கலத்தின் திறனைக் கணக்கிடும் முறையை மேல்வகுப்பு மாணவருக்கு எளிதில் கற்பிக்கலாம். மின்னோட்டமில்லா நிலையின் மின்னழுத்தம், மின்வாய்களை நேரே இணைத்தபோது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஓடும் மின்னோட்டம், நிரப்பு விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். சோதனைக்குரிய சூரிய ஒளி சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் ஆதலால், பெருக்கி வந்த எண்ணே சதவிகிதமாகும்.

ஐ.டி.ஐ.சி. முதற் கலம்: 0.81 வோல்ட், 14.21 மில்லி ஆம்பியர், 0.591. பெருக்கினால் 6.8.
ஒய்-6 முதற் கலம்: 0.83 வோல்ட், 25.3 மில்லி ஆம்பியர், 0.748. பெருக்கினால் 15.7.

இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, எது மாறியது என்று மாணவரைக் கேட்கலாம். மின்னழுத்தம் ஏறக்குறைய அப்படியே உள்ளது. மின்னோட்டமும் நிரப்பு விகிதமுமே உயர்ந்தன. மின்னோட்டம் உயர்ந்ததற்கு அகச்சிவப்பு ஒளியையும் விழுங்கியது பெருங்காரணம். நிரப்பு விகிதம் உயர்ந்ததற்கு மின்னேற்றங்கள் தடையின்றிச் சென்றது காரணம். இரு கலங்களிலும் வழங்கிப் பாலிமர் வெவ்வேறு என்பதையும் உடன் குறிப்பிடுதல் நேர்மையாகும்.

களப்பணியாளருக்கு வேறொரு கடமை உண்டு. புதிய சூரியத் தாள் ஒன்றின் திறனைக் கூறி எவரேனும் விற்க வந்தால், மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அத்திறன் எவ்வளவு பரப்புள்ள கலத்தில் அளக்கப்பட்டது? எந்த உஷ்ணத்தில், எத்தனை மணி நேரம் ஒளியில் வைத்துச் சோதிக்கப்பட்டது? சோதனையின் முடிவில் எவ்வளவு திறன் எஞ்சியது? சோதனைச்சாலைக் கலம் பெரும்பாலும் விரல் நகத்தினும் சிறியது. ஒரு சதுர மீட்டர் தாளில் அதே 15.7 சதவிகிதம் கிடைத்தால் உச்சி வெயிலில் 157 வாட் பெறலாம். ஆனால் பரப்பு பெருகப் பெருகப் பூச்சின் சீர்மை குறைந்து திறனும் குறைவது இயல்பு. இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் ஓர் உழவரின் சேமிப்பை அதில் செலவிடச் செய்தல் ஆகாது.

ஏற்பியின் வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே. மாற்ற இயலாதது என்று ஒதுக்கப்பட்ட பகுதியை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றன் தொழிலையும் ஆராய்ந்தபோது வழி திறந்தது. நிறம், மட்டம், அடுக்கு என்னும் மூன்றும் பெரிதும் கைவசமாயின. இனி, நான்காவது இயல்பான ஆயுளையும் அம்மூலக்கூற்றின் ஓர் உறுப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அது நிறைவேறும் நாளில், ஒருவர் தோளில் சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய சூரியத் தாள் சாலை எட்டாத ஊர்களுக்கும் சென்று சேரும்.